பைக் திருட்டுக்கு சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எஃப்ஐஆர் ஏன் போடவில்லை?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. வாசலில் நிறுத்தியிருந்த பைக் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயிருக்கிறது. காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறார். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, "தேடுறோம், கிடைச்சா கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரம் ஓடிவிட்டது. இன்சூரன்ஸில் எஃப்ஐஆர் நகல் கேட்கிறார்கள். ஸ்டேஷனிலோ "சி.எஸ்.ஆரே போதும் சார்" என்கிறார்கள். யார் சொல்வது சரி, ஏன் போட மறுக்கிறார்கள், இனி என்ன செய்வது என்பது கேள்வி.

இன்சூரன்ஸ் சொல்வதுதான் சரி. ஏன் மறுக்கிறார்கள் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். மாவட்டக் கோர்ட் ஒன்றில் இருபது வருடமாகக் கிரிமினல் பக்கம்தான் என் பிழைப்பு. வண்டியைப் பறிகொடுத்தவர்களுக்கும் ஆஜராகியிருக்கிறேன், திருடியதாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் ஆஜராகியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த ரசீது. சி.எஸ்.ஆர். என்பது கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர். ஸ்டேஷனுக்கு வரும் மனுக்களைப் பதிந்துகொள்ளும் ஒரு பதிவேடு, அவ்வளவுதான். உங்களிடம் மனு வாங்கினோம் என்பதற்கு அத்தாட்சி. குற்ற வழக்குகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், அதற்கு முன்பிருந்த சிஆர்பிசியையும் புரட்டிப் பாருங்கள். சி.எஸ்.ஆர். என்ற சொல் எதிலும் இருக்காது. சட்டத்தில் இருப்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்ஐஆர்தான். பழைய சட்டத்தில் 154வது பிரிவு, இப்போது 173.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம், அதை யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. எஃப்ஐஆர் போட்டால் அதற்கு ஒரு குற்ற எண் விழுகிறது. உடனே ஒரு பிரதி நீதித்துறை நடுவருக்குப் போயாக வேண்டும். அதன்பிறகு அந்த எண்ணை ஸ்டேஷனில் யாரும் நினைத்த மாதிரி அழித்துவிட முடியாது. குற்றப்பத்திரிகையோ, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற அறிக்கையோ, ஏதாவது ஒரு முடிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்தால்தான் கணக்குத் தீரும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. சி.எஸ்.ஆருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஸ்டேஷனில் பிறக்கும், ஸ்டேஷனிலேயே முடியும். "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது கதை.

அதற்காக சி.எஸ்.ஆர். என்பதே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் முருங்கை மரத்தை வெட்டிவிட்டார், அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு, கொடுத்த கைமாற்று திரும்பி வரவில்லை என்று ஒரு நாளைக்கு எத்தனையோ மனு வரும். எல்லாவற்றுக்கும் எஃப்ஐஆர் போட்டால் பாதி ஊருக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது, அரசு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பில் சிக்கல் வரும். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி அனுப்புவதற்கு அந்த ரெஜிஸ்டர் உதவுகிறது. (அதுவே கட்டப்பஞ்சாயத்தாக மாறும் ஸ்டேஷன்களும் உண்டு. அது தனிக் கதை.) போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத, நடுவர் அனுமதி வேண்டிய சிறு குற்றங்களும் இருக்கின்றன. ஆனால் பைக் திருட்டு அந்த வகையில் வராது.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பர் 12 அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டது. லலிதா குமாரி வழக்கு என்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிறுமி காணாமல் போனதை ஒட்டி வந்த வழக்கு. ஐந்து நீதிபதிகள் அமர்வு, தலைமை நம் பவானிப் பக்கத்துக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரைப் படித்ததுமே தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும், அதிகாரிக்கு வேறு வழி கிடையாது என்றது தீர்ப்பு. புகார் நம்பும்படி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் பதிந்த பிறகு பார்க்க வேண்டிய வேலை. குடும்பத் தகராறு, வியாபாரக் கொடுக்கல் வாங்கல், மருத்துவ அலட்சியம், ஊழல், காரணமில்லாமல் மாதக்கணக்கில் தாமதித்து வரும் புகார் போன்றவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று விலக்குக் கொடுத்தது.

புதிய சட்டம் அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பியின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை தண்டனை என்பதால், இதைக் காட்டி உங்களை நிறுத்திவைக்கப் பார்க்கலாம். அப்படிச் சொன்னால் "டிஎஸ்பி அனுமதி எந்தத் தேதியில் வாங்கினீங்க சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். 14 நாள் கணக்கும் உங்கள் விஷயத்தில் என்றோ முடிந்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று, உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருள் திருட்டை, போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றமாகப் புதிய சட்டத்தின் அட்டவணை மாற்றிவிட்டது. முதல் தடவைத் திருடன் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை என்ற நல்ல எண்ணத்தில் இருந்து வந்தது இது. ஆனால் திருடன் யார் என்றே தெரியாதபோது அது அவனுக்கு முதல் தடவையா பத்தாவது தடவையா என்று யாருக்குத் தெரியும்? சித்தாள் வேலைக்குப் போகிறவரின் பழைய போன் நாலாயிரம் ரூபாய் பெறும். அவருக்கு அதுதான் வேலைக்கு ஆள் கூப்பிடும் வழி. அதைத் திருடினால் ஸ்டேஷனில் சட்டப்படியே கையை விரிக்கலாம். நாற்பதாயிரம் ரூபாய் போன் வைத்திருப்பவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்?

வேலைப்பளு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் ஒரு கணக்கு. மாதாமாதம் எஸ்.பி. அலுவலகத்தில் க்ரைம் மீட்டிங் நடக்கும். உங்கள் ஸ்டேஷனில் எத்தனை திருட்டு பதிவு, எத்தனை கண்டுபிடிப்பு, எத்தனை நிலுவை என்று ஒவ்வொரு இன்ஸ்பெக்டரையும் நிற்கவைத்துக் கேட்பார்கள். ஒரு ஸ்டேஷனில் நாற்பது வண்டி திருடு போய், இருபது கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதையும் பதிந்த இன்ஸ்பெக்டரின் கண்டுபிடிப்பு 50 சதவீதம். இருபத்தைந்தை மட்டும் பதிந்து பதினைந்தை சி.எஸ்.ஆரில் போட்டுவைத்தவருக்கு 80 சதவீதம், அதோடு "குற்றம் குறைந்திருக்கிறது" என்ற பாராட்டும் சேரும். திருடனை இருவரும் ஒரே அளவில்தான் பிடித்தார்கள். நேர்மையாகப் பதிந்தவருக்கு வசவு, மறைத்தவருக்கு மெமோ இல்லாத மாதம். நீங்களே அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

போலீஸ் வட்டாரத்தில் இதற்குப் பெயரே உண்டு, பர்க்கிங் என்பார்கள். 1828இல் எடின்பரோவில் ஆட்களை மூச்சுத்திணறடித்துக் கொன்று உடலை விற்ற பர்க் என்பவன் பெயரில் இருந்து வந்த சொல். வழக்கையும் சத்தமில்லாமல் மூச்சை அடைத்துவிடுவது.

இதில் பல தினுசு உண்டு. போனைப் பறித்துக்கொண்டு ஓடினான் என்று எழுதிப் போனால், "பறிச்சான்னு எழுதாதீங்க, பஸ்ல தொலைஞ்சதுன்னு எழுதுங்க, சிம் வாங்க ஈஸியா இருக்கும்" என்பார்கள். தொலைந்துபோனது குற்றமே இல்லை. நீங்களும் சிம் கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போடுவீர்கள். நகரங்களில் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்குப் போனால் க்ரைமுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் எல்லை எங்களுடையது இல்லை என்பார்கள். எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். ஆனால் எல்லைச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

இது நம்மூர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸில் போலீஸ் ஆய்வுத் துறை 2014இல் தோண்டிப் பார்த்தபோது, வந்த குற்றங்களில் 19 சதவீதம் பதியப்படவே இல்லை என்று தெரிந்தது. வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். அதே வருடம் ஜனவரியிலேயே போலீஸ் குற்றக் கணக்குக்கு இருந்த தேசியப் புள்ளிவிவரம் என்ற முத்திரையை அங்கே பறித்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் 1982 முதல் வேறொரு வழியும் இருக்கிறது. வீடு வீடாகப் போய் "கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு ஏதாவது திருடு போனதா?" என்று கேட்கும் கணக்கெடுப்பு. ஸ்டேஷன் நோட்டை நம்பாமலே குற்றம் ஏறியதா இறங்கியதா என்று பார்த்துவிடலாம். நம்மிடம் அப்படி வருடாவருடம் நடக்கும் கணக்கெடுப்பு இல்லாததால், ஸ்டேஷன் நோட்டுதான் எல்லாமே.

அந்த நோட்டு எவ்வளவு தூரம் உண்மை சொல்லும் என்பதற்குத் தமிழ்நாட்டின் 2020ஆம் வருடக் கணக்கைப் பாருங்கள். 2019இல் ஐபிசி என்ற பழைய இந்தியத் தண்டனைச் சட்ட வழக்குகள் சுமார் 1.7 லட்சம். 2020இல் அது 9 லட்சத்தை நெருங்கியது. ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த வருடம்! தமிழர்கள் திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை. ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மேல் 188வது பிரிவில் போட்ட வழக்குகள்தான் பெரும்பகுதி. போட வேண்டும் என்று மேலிடம் நினைத்தால் வருடத்துக்கு ஏழு லட்சம் எஃப்ஐஆர் அதிகமாகப் போட ஆளும் பேப்பரும் நேரமும் இருக்கிறது என்பதை அந்த வருடம் காட்டிவிட்டது. வேலைப்பளு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வரும்.

கேரளாவும் இப்படித்தான். லட்சம் மக்களுக்கு இத்தனை வழக்கு என்ற கணக்கில் பல வருடமாக மேல்வரிசையில் இருக்கிறது. பீகார் தேசிய சராசரிக்குக் கீழே. இரவு பத்து மணிக்குக் கோழிக்கோட்டில் நடப்பதைவிடப் பீகாரில் நடப்பது பத்திரம் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சின்ன விஷயத்துக்கும் கேரளாவில் வழக்குப் பதிகிறார்கள், அதனால் எண் ஏறுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில், வழக்கு எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை எந்தக் கட்சிக்காரரும் படித்ததாகத் தெரியவில்லை. ராஜஸ்தானில் 2019இல் ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்திலேயே எஃப்ஐஆர் போடலாம் என்று கொண்டுவந்தார்கள். எண்கள் ஏறின. எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது. கட்டாயமாகப் பதியச் சொன்னோம், அதனால் ஏறியது என்று அரசு விளக்கம் சொல்லியே களைத்தது. எந்த ஆட்சி வந்தாலும், சட்டசபையில் "எங்கள் ஆட்சியில் குற்றம் இத்தனை சதவீதம் குறைந்தது" என்று வாசிக்க ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்காகத்தான் உங்கள் பைக் சி.எஸ்.ஆரில் நிற்கிறது. ரைட்டர் ஏட்டையாவைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இதில் கடைசியில் லாபம் யாருக்குத் தெரியுமா? திருடனுக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரும் ஸ்டேஷனும் வேண்டாம். வண்டி ஜனவரியில் போனது. சி.எஸ்.ஆரில் கிடந்தது. மே மாதம் வாகனச் சோதனையில் ஒரு பையன் ஐந்தாறு வண்டிகளோடு மாட்டினான். அன்றைக்குத்தான் வண்டிச் சொந்தக்காரரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, புதிதாக ஒரு புகார் எழுதி வாங்கி, காலையில் எஃப்ஐஆர், மாலையில் கைது, ராத்திரி வண்டி மீட்பு என்று அழகாக முடித்துவிட்டார்கள். கண்டுபிடிப்பு நூற்றுக்கு நூறு.

கூண்டில் வண்டிச் சொந்தக்காரரிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி.

"வண்டி என்னைக்குக் காணாமல் போச்சு?"

"பொங்கலுக்கு மறுநாள் சார்."

"புகார் என்னைக்குக் குடுத்தீங்க?"

"அன்னைக்கே குடுத்தேன் சார்."

கையில் இருந்த எஃப்ஐஆரில் மே மாதத் தேதி. அவர் பொய் சொல்லவில்லை. பொங்கலுக்குக் கொடுத்த புகார் கோர்ட்டுக்கு வரவே இல்லை. மற்ற ஓட்டைகளும் சேர்ந்து, பையன் சந்தேகத்தின் பலனில் வெளியே வந்தான். வெளியே வராந்தாவில் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஃபீஸ் வாங்கிய கை கொஞ்சம் கூசியது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சட்டம் காட்டும் வரிசையில் போங்கள், நடுவில் தாண்டாதீர்கள். ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் நகல், சி.எஸ்.ஆர். ரசீது, ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றின் ஜெராக்ஸோடு, "பிரிவு 173(4)இன் கீழ்" என்று குறிப்பிட்டு மாவட்ட எஸ்.பி.க்கு மனு அனுப்புங்கள். கமிஷனரேட் நகரமாக இருந்தால் துணை ஆணையருக்கு. ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு அனுப்ப வேண்டும். பெரும்பாலான மாவட்டங்களில் புதன்கிழமை எஸ்.பி. நேரில் மனு வாங்குவார். நேரில் போனாலும் தபாலையும் அனுப்பிவிடுங்கள், கோர்ட்டுக்குப் போகும்போது அந்த ரசீதுதான் பேசும். முக்கால்வாசிப் பேருக்கு இந்த இடத்திலேயே எஃப்ஐஆர் விழுந்துவிடுகிறது. 1100க்குப் போன் போட்டு முதல்வரின் முகவரிக்குப் புகார் சொல்வதையும் பலர் செய்கிறார்கள். தவறில்லை, ஆனால் அந்த மனு சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும், பதில் எழுதப்போவதும் அதே ஆட்கள்தான்.

எஸ்.பி.யும் கண்டுகொள்ளாவிட்டால் 175(3) பிரிவின் கீழ் நீதித்துறை நடுவரிடம் போகலாம். பிரமாணப் பத்திரம் கட்டாயம். ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் போய்விட்டுத்தான் வந்தேன் என்று காட்ட வேண்டும். நடுவர் போலீஸ் தரப்பு விளக்கத்தையும் கேட்டுத்தான் உத்தரவு போடுவார், அதனால் சில வாரம் ஆகும். நேராக உயர் நீதிமன்றம் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் நடுவரிடம் போ என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீண் செலவு.

இன்சூரன்ஸ் பக்கம் மூன்று விஷயம். உங்கள் பாலிசி தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் எஃப்ஐஆர் இருந்தாலும் திருட்டுக்கு ஒரு பைசா வராது, முதலில் அதைப் பாருங்கள். முழு பாலிசி என்றால் எஃப்ஐஆரோடு, வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கையும் இரண்டு சாவியும் கேட்பார்கள். கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதமானது என்று மட்டும் காரணம் காட்டித் தட்டிக்கழித்தால், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதைக் காட்டலாம். எஃப்ஐஆர் உடனே போடப்பட்டு, திருட்டு உண்மை என்றால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதம் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அதிலும் "எஃப்ஐஆர் உடனே" என்று வருகிறது, கவனித்தீர்களா? அதனால்தான் உங்கள் முதல் மனுவின் தேதி உள்ள சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது தெர்மல் பேப்பராக இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுங்கள், ஆறு மாதத்தில் எழுத்து மறைந்துவிடும்.

எஃப்ஐஆர் போட்டதும் நகலைப் பணம் வாங்காமல் கொடுக்க வேண்டும். 2016 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எஃப்ஐஆர்கள் இணையத்திலும் ஏற வேண்டும், தமிழ்நாடு போலீஸ் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவேளை நாளைக்கே ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டு, "வண்டி கிடைச்சிருச்சு சார், வந்து ஒரு புகார் மட்டும் புதுசா எழுதிக் குடுங்க, பழைய தேதி வேண்டாம்" என்று சொன்னால், சந்தோஷத்தில் தலையாட்டிவிடாதீர்கள். பழைய புகாரின் ஜெராக்ஸை நீட்டி, இதையே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். முகம் கோணுவார்கள், ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.